துளிகளை எண்ணிய பேரறிஞர் இவான் பாவ்லோவ்

மனித உடலிலே ஊறும் நீர்களுள் கண்ணீரைப் பாடாத புலவர் இலர். உமிழ்நீரைப் பாடியவரோ மிக அரியர். வாயினுள் இருக்குமளவும் அதனை நாம் நினைப்பதேயில்லை. வாயைவிட்டு நீங்கிய கணத்திலே எச்சிலென்று அருவருத்து ஒதுக்குகின்றோம். ஆயினும், நம் முன்னோர் வழங்கிய மொழியை உற்றுநோக்கின் ஒரு வியப்புப் புலனாகும். புளிமாங்காயை நினைத்த மாத்திரத்தே வாயூறுகின்றது என்கின்றோம். அவையிலே பேச எழுந்து அஞ்சி நிற்பவனுக்கு நா வறண்டது என்கின்றோம். மாங்காய் வாயிலே இல்லை. அதனைப் பற்றிய எண்ணம் மாத்திரமே உண்டு. எண்ணத்துக்கும் வாயிலூறும் நீருக்கும் இடையேயுள்ள தொடர்பு யாது? இவ்வினாவைச் சிறியதென்று தள்ளாது, தம் வாழ்நாளின் பிற்பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனோடு போராடியவர் ருஷ்ய நாட்டு உடற்றொழிலியல் அறிஞராகிய இவான் பெற்றோவிச் பாவ்லோவ். விஞ்ஞானம் பயிலும் மாணவரும் பயின்று முடித்த பழைய மாணவரும் ஒருங்கே படிக்கும் இம்மலரிலே அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

பாவ்லோவ் 1849ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி ருஷ்யாவின் ரியசான் நகரிலே பிறந்தார். தந்தையார் ஒரு கிறித்தவ ஆலயத்தின் குரு, நூல்களிலே பெருவிருப்புடையவர், வீட்டுத் தோட்டத்தைத் தம் கையாலேயே பேணியவர். சிறுவயதிலே உயரமான இடத்திலிருந்து கல்தரையில் விழுந்து பாவ்லோவ் நீண்டகாலம் நோயுற்றிருந்தார். இதனாற் பள்ளி செல்லுங் காலமும் பிந்தியது. குருத்துவக் கல்வியே அவருக்கு விதிக்கப்பட்ட வழியாயிருந்தது. ஆயின், ரியசான் குருத்துவக் கல்லூரியிலே பயிலுங் காலத்திலே, மூளையின் தெறிவினைகள் பற்றி இவான் செச்செனோவ் 1863இல் எழுதிய நூல் அவர் கைக்கு எட்டியது. மனத்தின் செயல்களையும் உடலின் செயல்களைப் போலவே ஆராயலாகும் என்னுங் கருத்து அவ்விளைஞரின் நெஞ்சிலே வேரூன்றியது. 1870ஆம் ஆண்டிலே குருத்துவ வழியைத் துறந்து, செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

ஆங்கு இலியா சியோன் என்னும் ஆசிரியரிடம் உடற்றொழிலியலையும் சத்திர சிகிச்சையின் நுட்பங்களையும் கற்றார். 1875இற் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்தது. 1879இல் மருத்துவப் பட்டமும் கிடைத்தது. 1881இல் செராபிமா கார்ச்செவ்ஸ்கயா என்னும் நங்கையை மணந்தார். அதன்பின் தொடர்ந்த ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். போத்கின் என்னும் புகழ்பெற்ற மருத்துவரின் சிறிய ஆய்வுகூடத்திலே குறைந்த வருவாய்க்குப் பணி செய்தார். அவர்தம் நிலைகண்டு இரங்கிய இளம் மருத்துவர்கள், விரிவுரைக்குரிய ஊதியமென்று சொல்லிப் பணஞ் சேர்த்துக் கொடுத்தனர் என்றும், அவர் அதனையும் ஆய்வுக்கு வேண்டிய விலங்குகளுக்கே செலவிட்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தலைமகனும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். 1884 முதல் 1886 வரை யேர்மனியிலே கார்ல் லூட்விக், ஹைடன்ஹைன் ஆகிய இருபெரும் ஆசிரியர்களிடம் பயின்று திரும்பினார். 1890ஆம் ஆண்டிலேதான், நாற்பது வயதளவில், இராணுவ மருத்துவக் கழகத்திலே பேராசிரியர் பதவி எய்தினார். அடுத்த ஆண்டு பரிசோதனை மருத்துவ நிலையத்தின் உடற்றொழிலியற் பகுதியும் அவர் பொறுப்பில் வந்தது.

பாவ்லோவின் பணியை விளங்கிக்கொள்வதற்கு உமிழ்நீரின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். நம் வாயைச் சூழ மூன்று இணைப் பெருஞ் சுரப்பிகள் உள்ளன. காதின் முன்புறத்தே கன்னத்தில் ஓர் இணை, கீழ்த்தாடையின் அடியில் ஓர் இணை, நாவின் அடியில் ஓர் இணை. இவையன்றி, உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் எண்ணிறந்த சிறு சுரப்பிகளும் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 இலீற்றர் நீரைச் சுரக்கின்றன. அந்நீரில் 100க்கு 99 பங்கு வெறுந் தண்ணீரே. எஞ்சிய ஒரு பங்கிலேதான் அதன் திறமெல்லாம் அடங்கியுள்ளது. அதிலுள்ள அமிலேசு என்னும் நொதியம் மாப்பொருளை வெல்லமாக மாற்றத் தொடங்குகின்றது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்புத் தோன்றுவது இதனாலேயே. வழுவழுப்பான சளிப்பொருள் உணவை உருண்டையாக்கி விழுங்கச் செய்கின்றது. உணவு உமிழ்நீரிற் கரைந்தாலன்றி நாக்குச் சுவையறியாது. அமிலத்தை ஆற்றிப் பற்களைக் காப்பதும், பற்களிலிருந்து கரைந்துபோன கல்சியத்தை ஈடுசெய்வதும், நோய்க்கிருமிகளை எதிர்ப்பதும் உமிழ்நீரே. உமிழ்நீர் வற்றியவனுக்கு உண்ணலும் பேசலும் அரிதாகும்; பற்களும் விரைவிற் சிதையும்.

இச்சுரப்பிகளை ஆராய்ந்தோர் பாவ்லோவுக்கு முன்னரும் பலராவர். இலண்டன் மருத்துவர் தோமஸ் வார்ட்டன் 1656இல் கீழ்த்தாடைச் சுரப்பியின் கானை விவரித்தார். டென்மார்க்கு நாட்டவராகிய நீல்ஸ் ஸ்டென்சன் 1660இல் அம்ஸ்ரடாம் நகரிலே ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராய்கையில் கன்னச் சுரப்பியின் கானைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே, பின்னாளிற் பாவ்லோவுக்கு ஆசிரியரான கார்ல் லூட்விக், நரம்பைத் தூண்டினால் உமிழ்நீர் சுரக்கும் என்று காட்டினார். எனவே, உமிழ்நீர் இரத்தத்திலிருந்து தானே வடியும் நீர் அன்று. நரம்பின் ஏவலாற் சுரப்பி செய்யும் நீரென்பது துணியப்பட்டது.

பாவ்லோவ் முதலிற் கைக்கொண்டது சமிபாட்டின் முழுமையையுமாம். அக்காலத்தவர் விலங்கை மயக்கி, அறுத்து, அது சாகுமுன் கண்டவற்றை எழுதினர். நோவிலும் மயக்கத்திலும் கிடக்கும் உடல் உண்மையைக் கூறாது என்று பாவ்லோவ் கருதினார். ஆகவே, மருத்துவமனையிற் போலத் தூய்மை பேணிச் சத்திர சிகிச்சை செய்து, நாய் முற்றாகத் தேறிய பின்னரே பரிசோதிக்கும் முறையை வளர்த்தார். நாயின் களம் திறக்கப்பட்டமையால் அது விழுங்கிய உணவு இரைப்பையை அடையாது வெளியே விழும். அவ்வாறாயினும் இரைப்பையிற் சாறு பெருகியது. இரைப்பைக்குச் செல்லும் நரம்பை அறுத்தவிடத்து அப்பெருக்கு நின்றது. உண்ணும் ஆவலே சாற்றைச் சுரக்கச் செய்கின்றது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சிகள் 1897இல் விரிவுரை நூலாக வெளிவந்தன. 1904ஆம் ஆண்டு நோபெல் பரிசும் கிடைத்தது. ருஷ்யருள் அப்பரிசை முதன்முதற் பெற்றவர் அவரே.

சமிபாட்டு ஆய்வின் ஒரு கூறாகவே உமிழ்நீரும் அவர் கூடத்திற் புகுந்தது. 1895இல் அவர் மாணவராகிய கிளின்ஸ்கி ஓர் எளிய முறையைத் திருத்தியமைத்தார். உமிழ்நீர்க் கானின் வாயைச் சிறிது தோலோடு வெட்டியெடுத்துக் கன்னத்தின் வெளிப்புறத்திலே தைத்துவிடுவர். சில நாளிற் புண் ஆறிவிடும். அதன்பின் அச்சுரப்பியின் நீர் வாயினுள் விழாது, கன்னத்தில் ஒட்டிய சிறு புனலினூடாக வெளியே துளித்துளியாக விழும். புனலை ஒட்டுதற்குப் பயன்பட்ட பசையும், மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை வகுத்த மென்டலீவ் ஆக்கிய பசையேயாம். இனி வேண்டியது துளிகளை எண்ணும் பொறுமை மாத்திரமே.

எண்ணியபோது வெளிப்பட்ட செய்தி வியத்தற்குரியது. காய்ந்த உரொட்டித் தூளை நாய்க்குக் கொடுத்தால் உமிழ்நீர் மிகுதியாகச் சுரந்தது. ஈரமான இறைச்சிக்குக் குறைவாகவே சுரந்தது. உண்ணத்தக்க பொருளுக்கு வழுவழுப்பான நீர் வந்தது. அமிலத்துக்கு நீர்த்த உமிழ்நீர் பெருகி அதனைக் கழுவியகற்றிற்று. வாயிலே மணலிட்டால் நீர்த்த உமிழ்நீர் பெருகிற்று. கூழாங்கற்களை இட்டால் நீர் சுரக்கவில்லை அல்லது மிகச் சிறிதே சுரந்தது. கற்களை நாக்காலே தள்ளிவிடலாம். மணலைக் கழுவியே அகற்றல் வேண்டும். யாதுக்கு எது வேண்டுமோ அதனை அளவறிந்து அச்சுரப்பி வழங்கியது. பாவ்லோவின் மாணவர் வூல்ப்சன் 1898இல் இவற்றைத் தம் ஆய்வேட்டிலே தொகுத்தார்.

இவ்விடத்திலேதான் பாவ்லோவின் வாழ்விற் பெருந் திருப்பம் நேர்ந்தது. உணவை வாயிலே இடாது, தூரத்திற் காட்டினும் நாய்க்கு உமிழ்நீர் ஊறியது. உணவைக் காட்டினால் வழுவழுப்பான நீர். மணலைக் காட்டினால் நீர்த்த நீர். கறுப்பு நிறமூட்டிய அமிலத்தைப் பலமுறை சுவைத்த நாய்க்கு, வெறுந் தண்ணீரைக் கறுப்பாக்கிக் காட்டினும் உமிழ்நீர் பெருகியது. நரம்பின் ஏவலை ஆராய வந்தோர்க்கு இது முதலில் ஓர் இடையூறாகவே தோன்றியது. நாயின் ஆசையும் நினைவும் கணக்கைக் குழப்புகின்றன என்று எண்ணினர். மாணவருள் ஒருவராகிய சினார்ஸ்கி, நாய் நினைக்கின்றது, விரும்புகின்றது என்று கூறி மனித மனத்தையே நாய்க்கும் ஏற்றி விளக்கினார். பாவ்லோவ் அதனை ஏற்றிலர். நாயின் உள்ளத்தை நாம் புகுந்து காண்டல் இயலாது. கன்னத்தில் விழும் துளியையோ எண்ணலாம், அளக்கலாம், மறுநாளும் சோதிக்கலாம். அறியவொண்ணாததைக் கற்பனையால் நிரப்புவதினும் எண்ணத்தக்கதை எண்ணுதலே விஞ்ஞான நெறியென்று அவர் துணிந்தார். ஆசிரியரும் மாணவரும் இக்கருத்து வேற்றுமையாற் பிரிந்தனர்.

அதே காலத்திலே அவருக்கு வேறொரு சோதனையும் நேர்ந்தது. 1902இல் இலண்டனிலே பேய்லிஸ், ஸ்ரார்லிங் என்னும் இருவர், சதையியின் சுரப்பை நரம்பின்றியே இரத்தத்தில் ஓடும் ஓர் இரசாயனப் பொருள் தூண்டுகின்றது என்று கண்டனர். அனைத்தையும் நரம்பே ஆளுகின்றது என்று போதித்துவந்த பாவ்லோவுக்கு இது பேரடி. அவர் அப்பரிசோதனையைத் தம் கூடத்திலேயே செய்வித்து, தம் கண்முன்னே சாறு பெருகுவதைக் கண்டார். சொல்லின்றித் தம் அறைக்குச் சென்று, சிறிது நேரங் கழித்து மீண்டு வந்து, இலண்டன் அறிஞர் கூறியதே மெய்யென்று தம் மாணவர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார் என்பர். உமிழ்நீர்ச் சுரப்பிகளோ நரம்பின் ஏவலுக்கே உடனுக்குடன் பணிவன. மூளையின் செயலை வெளியே காட்டும் கருவியாக அவை விளங்கியமைக்கு இதுவே காரணமாம்.

1903இல் மட்றிட் நகரிற் கூடிய மருத்துவ மாநாட்டிலே தம் புதிய வழியை அவர் உலகறியக் கூறினார். நோபெல் பரிசு பெற்றுத்தந்த துறையைத் தொடர்ந்திருந்தால் எஞ்சிய வாழ்வு முழுதும் புகழோடு கழிந்திருக்கும். அதனை விடுத்து, உடற்றொழிலியலார் பலர் ஐயுற்ற ஒரு துறையிலே ஐம்பத்தைந்து வயதளவிற் புகுந்தார். வாயில் உணவு பட்டதும் நீர் சுரத்தல் பிறவியோடு வந்த தெறிவினை. உணவுக்குச் சற்று முன்னர் ஒரு தாளக்கருவியை ஒலிக்கச்செய்து, இவ்வாறு பலமுறை செய்துவந்தால், பின்னர்த் தாளவொலி மாத்திரமே உமிழ்நீரை ஊறச் செய்யும். பட்டறிவின் நிபந்தனையாலே தோன்றிய இதனை நிபந்தனைத் தெறிவினை என்றார். மணியோசை ஒன்றையே உலகம் நினைவிற் கொண்டுள்ளதாயினும், தாளக்கருவியும் மின்னொலியும் விளக்கொளியும் தோலில் உண்டாக்கிய தொடுகையும் அங்கே பயன்பட்டன. உணவின்றி ஒலியை மாத்திரம் மீண்டும் மீண்டும் எழுப்பினால் துளிகள் குறைந்து அற்றுப்போகும். கற்றலும் மறத்தலும் துளிக்கணக்கிலே புலப்பட்டன.

துளி எண்ணும் பணிக்கு அமைதி இன்றியமையாதது. தெருவிலே வண்டி ஓடினும், ஆய்வாளர் இருமினும் கணக்குப் பிழைக்கும். ஆகவே 1910ஆம் ஆண்டு தொடங்கித் தடித்த சுவர்களையுடைய ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. மௌனக் கோபுரம் என்று அதனை அழைத்தனர். நாய் ஓர் அறையிலும் ஆய்வாளர் வேறோர் அறையிலும் இருந்து பரிசோதனை நடாத்தினர். 1912இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் வழங்கியபோது, மாணவர் மேன்மாடத்திலிருந்து கண்ணாடிக் குழாய்கள் செருகிய பொம்மை நாயொன்றைக் கயிற்றில் இறக்கி அவரிடம் கொடுத்தனர். முதுபேரறிஞர் அதனை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். மாணவர் குறும்பு எந்நாட்டிலும் ஒன்றே போலும்!

1917இன் புரட்சியும் அதன்பின் வந்த உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அவரையும் விட்டில. நாய்கள் பட்டினியால் மடிந்தன. எழுபது வயதை அடைந்த அறிஞர் தம் கையாலேயே மண்கொத்திக் காய்கறி பயிரிட்டார். புதல்வர் ஒருவரையும் இழந்தார். நாட்டை விட்டேகவும் எண்ணினார். 1921 சனவரியிலே, அவர் ஆய்வுக்கு வேண்டிய வசதிகளை அளிக்குமாறு லெனின் கைச்சாத்திட்ட ஆணை வெளிவந்தது. 1924 செப்டெம்பரிலே பெருவெள்ளம் நகரிற் புகுந்து, கூடுகளில் அடைபட்ட நாய்கள் மூழ்குந் தறுவாயில் மீட்கப்பட்டன. அவற்றுட் சில, ஆண்டுக்கணக்காகக் கற்றவற்றையெல்லாம் அவ்வச்சத்தால் இழந்துவிட்டன. பெரும் அதிர்ச்சி உள்ளத்தை எவ்வாறு குலைக்கும் என்பதையும் உமிழ்நீர்த் துளியே அறிவித்தது.

அரசு தந்த வசதிகளைப் பெற்றாரேயன்றி, அதற்கு ஈடாகத் தம் நாவை அவர் விற்றிலர். 1924இல் குருமார் பிள்ளைகளென்னுங் காரணத்தால் மாணவர் பலர் இராணுவ மருத்துவக் கழகத்தினின்று நீக்கப்பட்டபோது, தாமும் ஒரு குருவின் மகனே என்று சுட்டித் தம் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1934இன் இறுதியிலே அடக்குமுறை மிகுந்தபோது, ஆட்சியாளராகிய மொலொற்றோவுக்கு நேரே கடிதம் எழுதி அதனைக் கண்டித்தார். பலர் அஞ்சி வாயடைத்திருந்த காலம் அது.

அவர் பணிக்கு நாய்கள் கொடுத்த விலையையும் நாம் மறைத்தல் தகாது. நோவின்றிச் செய்ய அவர் முயன்றாரெனினும், பல நாய்கள் துன்புற்றன, பல இறந்தன. அதனை அவரும் உணர்ந்திருந்தார். 1935இல் பரிசோதனை மருத்துவ நிலையத்தின் முற்றத்திலே அவர் விருப்பின்படி நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. கடன் தீர்ந்ததென்று கொள்ளற்கன்று; கடன் உண்டென்று நினைத்தற்கே அச்சின்னம் ஆங்கு நிற்கின்றது என நாம் கருதுகின்றோம்.

1935 ஆகஸ்டிலே உலக உடற்றொழிலியலார் லெனின்கிராட்டில் மாநாடு கூடி அவரைத் தம்முட் தலையாயவராகப் போற்றினர். 1936 பெப்புருவரி 27ஆந் திகதி, நுரையீரல் அழற்சியால், தமது 86ஆவது வயதில் அவர் மறைந்தார். மூளையின் உள்ளே நிகழ்வன பற்றி அவர் கூறிய விளக்கங்கள் சில பின்வந்தோரால் ஏற்கப்படவில்லை. ஆயின் அவர் கண்ட அடிப்படை நிலைத்துள்ளது. புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படும் நோயாளர் சிலருக்கு, மருந்து உடலிற் புகுமுன்னரே, மருத்துவமனை வாயிலை அடைந்ததும் குமட்டல் தோன்றுகின்றது. அதனை விளங்கிக்கொள்வதற்கும், காரணமற்ற அச்சத்தைப் படிப்படியாகத் தணிப்பதற்கும் அவர் காட்டிய வழி இன்றும் பயன்படுகின்றது.

அவர் மறைவின்பின் நிகழ்ந்த ஒன்றையும் இங்குக் குறித்தல் வேண்டும். 1950இல் சோவியத் அரசு பாவ்லோவின் கொள்கையே மெய்யென்று விதித்து, அதனின் வேறுபட்டோரென்று அவருடைய மாணவராகிய ஓர்பெலி முதலிய அறிஞரைப் பதவியிழக்கச் செய்தது. கண்முன் கண்ட உண்மைக்காகத் தம் கொள்கையையே திருத்திக்கொண்டவர் அவர். அவர் பெயரோ பிறர் வாயை அடைக்கும் பூட்டாயிற்று. ஆசிரியரின் முடிபுகளை மனனஞ் செய்தல் ஆசிரியரைப் போற்றுவதாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மாணவச் செல்வங்களே, ஆய்வுகூடத்திலே குழாயினின்று விழுந்துகொண்டிருக்கும் துளிகளைக் குறித்துவைக்கும் வேலை உங்களுக்குச் சலிப்பூட்டலாம். எண்ணியது எதிர்பார்த்ததற்கு மாறாயின், எண்ணிக்கையைத் திருத்தி எழுதிவிடவும் மனம் ஏவலாம். பாவ்லோவுக்கும் எதிர்பாராத துளிகள் விழுந்தன. அவற்றைப் பிழையென்று துடைத்தெறியாது மீண்டும் எண்ணினார். அவர் பெருமைக்குக் காரணம் அதுவே.